கலிபோர்னியா சார்ட்டர் பள்ளியில் இடம்: குலுக்கலுக்கு முன் எது, பின் எது

சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவுக்குப் பிள்ளைகளோடு வந்து இறங்கியவர்கள் வாடகை வீடு முடிந்த கையோடு கேட்பது இதைத்தான்: "பக்கத்துல இருக்கற சார்ட்டர் ஸ்கூல் நல்லா இருக்காமே, எப்படிச் சேக்கறது?" எங்கள் வீட்டில் பெரியவளுக்கும் சின்னவனுக்கும் இதற்காக நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. அடுத்து வருபவர்களுக்காவது அது மிச்சமாகட்டும் என்று வரிசையாக எழுதி வைக்கிறேன்.

சென்னையிலோ கோவையிலோ தனியார் பள்ளியில் அட்மிஷன் வாங்கிய பழக்கத்தை விமானத்திலேயே இறக்கி வைத்துவிடுங்கள். இங்கே நேர்காணல் கிடையாது, சிபாரிசு கிடையாது, டொனேஷன் கிடையாது. சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளி. நிர்வாகம் மட்டும்தான் தனி. யாரைச் சேர்க்க வேண்டும், எதைக் கேட்கலாம், எப்போது கேட்கலாம் என்பதையெல்லாம் மாநிலக் கல்விச் சட்டத்தின் 47605-ஆம் பிரிவு சொல்லிவிடுகிறது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் போட்டுத்தான் இடம் கொடுப்பார்கள். அந்தக் குலுக்கலுக்கு முன்னால் உங்களிடம் கேட்கப் பள்ளிக்கு இருக்கும் உரிமை மிகக் குறைவு. குலுக்கலில் பெயர் விழுந்த பிறகு உங்கள் கையில் இருக்க வேண்டிய காகிதங்களோ நிறைய. இதைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான், அதாவது முன்னால் மார்க் ஷீட்டை நீட்டிவிட்டு, பின்னால் ஊசிச் சீட்டைத் தேடுபவர்கள்தான், ஆகஸ்டில் திண்டாடுகிறார்கள்.

1. பள்ளியின் வகையைப் பாருங்கள்

கலிபோர்னியா கல்வித் துறையின் இணையதளத்தில் பள்ளிப் பட்டியல் இருக்கிறது. பள்ளியின் பெயரைப் போட்டால் அது சார்ட்டரா இல்லையா என்று காட்டும். அதோடு பள்ளிக்கு அனுமதி கொடுத்தது யார் என்பதையும் தெரிந்துகொண்டு குறித்து வையுங்கள். அது உங்கள் ஊர் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டாக (அந்தப் பகுதியின் சாதாரணப் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) இருக்கலாம், கவுன்ட்டி, அதாவது நம் ஊர் மாவட்டம் போன்றதன், கல்வி வாரியமாகவும் இருக்கலாம். ஏதாவது தகராறு வந்தால் நீங்கள் எழுத வேண்டியது அவர்களுக்குத்தான்.

பெரும்பாலானவை புதிதாகத் தொடங்கிய சார்ட்டர்கள். இவற்றுக்குக் கலிபோர்னியாவில் எந்த ஊரில் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். டிஸ்ட்ரிக்ட் விட்டு டிஸ்ட்ரிக்ட் மாறுவதற்கான பெர்மிட் தேவையில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் "முதல்ல உங்க டிஸ்ட்ரிக்ட்ல ரிலீஸ் லெட்டர் வாங்கணும்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். அது சாதாரணப் பள்ளிகளுக்குள் மாறுவதற்கான விதி, சார்ட்டருக்கு இல்லை.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. பழைய டிஸ்ட்ரிக்ட் பள்ளி ஒன்றே சார்ட்டராக மாறியிருந்தால், முன்பு அந்தப் பள்ளிக்கு உட்பட்டிருந்த தெருக்களில் வசிப்பவர்களுக்கு முன்னுரிமை. வீட்டிலிருந்தே படிக்கும் வகைச் சார்ட்டர் என்றால், பள்ளி இருக்கும் கவுன்ட்டியிலோ அதை ஒட்டிய கவுன்ட்டியிலோ நீங்கள் குடியிருக்க வேண்டும்.

2. எந்த வகுப்பு என்பதை முடிவு செய்துவிட்டு விண்ணப்பியுங்கள்

செப்டம்பர் 1 தான் கோடு. அன்றைக்குள் 5 வயது முடிந்திருந்தால் கிண்டர்கார்டன், 6 முடிந்திருந்தால் முதல் வகுப்பு. 2025-26 கல்வியாண்டிலிருந்து, செப்டம்பர் 1-க்குள் 4 வயது முடிந்த எல்லாக் குழந்தைகளுக்கும் டி.கே. என்கிற கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு உண்டு.

ஊரில் யூ.கே.ஜி. முடித்துவிட்டான், அதனால் இங்கே முதல் வகுப்பு என்று கணக்குப் போட்டு விண்ணப்பிக்காதீர்கள். பள்ளி பார்ப்பது பிறந்த தேதியை. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், குலுக்கல் வகுப்புவாரியாக நடப்பதுதான். முதல் வகுப்புக்கு விண்ணப்பித்து இடம் வாங்கிவிட்டு, சேர்க்கும் நாளில் "வயது போதாது, கிண்டர்கார்டன்தான்" என்று தெரிந்தால் அந்த இடம் தானாகக் கீழே இறங்கி வராது. கிண்டர்கார்டன் வெயிட்லிஸ்ட்டின் வாலில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

3. விண்ணப்பம்: குறைவாகக் கொடுங்கள்

பல பள்ளிகள் அடுத்த ஆகஸ்டுக்கான விண்ணப்பத்தை இலையுதிர் காலத்திலேயே திறந்துவிடும். குலுக்கல் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில். மாநிலம் முழுவதற்கும் ஒரே தேதி கிடையாது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு தேதி. அக்டோபர் முதல் வாரத்திலேயே விருப்பமான பள்ளிகளின் கடைசித் தேதிகளை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை சார்ட்டர்களுக்கு வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் எங்குமே கிடையாது.

விண்ணப்பத்தில் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, முகவரி, தொடர்பு எண், உடன்பிறந்தவர் அங்கே படிக்கிறாரா என்பன இருக்கும். அவ்வளவு போதும். மதிப்பெண் அட்டை, பழைய பள்ளியின் கோப்பு, சிறப்புக் கல்வித் திட்டமான ஐ.இ.பி. ஆகியவற்றைச் சேர்க்கைக்கு முன் பள்ளி கேட்கக்கூடாது. 2019-இல் வந்த சட்டத் திருத்தம் இதைத் தெளிவாகவே தடுக்கிறது. படிப்பில் பின்தங்கியவர், மாற்றுத்திறனாளி, ஆங்கிலம் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர் என்று எந்தக் காரணத்துக்காகவும் ஒரு பிள்ளையை வர வேண்டாம் என்று மறைமுகமாகத் தட்டிக்கழிக்கவும் கூடாது.

இருந்தும் கேட்கிறார்கள். நாங்கள் விண்ணப்பித்த ஒரு பள்ளியில், "கடைசி இரண்டு வருட ரிப்போர்ட் கார்டை அனுப்பினால் உங்கள் பிள்ளைக்கு இந்தப் பள்ளி ஒத்துவருமா என்று பார்க்க வசதியாக இருக்கும்" என்று மெயில் வந்தது. வார்த்தை என்னவோ மென்மையானதுதான். சட்டப்படி குலுக்கலுக்கு அது தேவையா என்று ஒரே வரியில் பதில் கேட்டேன். தேவையில்லை, விருப்பமிருந்தால் மட்டும் என்று மறுநாள் பதில் வந்தது. நான் அனுப்பவில்லை. நம்மவர்கள் நல்ல மார்க் இருந்தால் முந்திக்கொண்டு நீட்டிவிடுகிறோம். அதனால் ஒரு நன்மையும் இல்லை, குலுக்கல் சீட்டுக்கு மார்க் தெரியாது.

விசா நிலையைக் கேட்கக் கூடாது. சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும், அதன் கடைசி நான்கு இலக்கங்களையும்கூடக் கேட்கக் கூடாது. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்த பிள்ளைக்கு அந்த எண்ணே இருக்காது. படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தாலும் காலியாக விடுங்கள்.

பெற்றோர் வருடத்துக்கு இத்தனை மணி நேரம் தன்னார்வ வேலை செய்ய வேண்டும் என்று கையெழுத்து வாங்கும் பள்ளிகளும் உண்டு. செய்தால் நல்லது, பள்ளிக்கும் உதவி. ஆனால் சேர்க்கைக்கோ தொடர்ந்து படிப்பதற்கோ அது நிபந்தனை இல்லை என்பதைப் பள்ளியே உங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, இருவரும் வேலைக்குப் போகிறோம் என்பதற்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

4. குலுக்கலும் வெயிட்லிஸ்ட்டும்

இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல் கட்டாயம், அதுவும் பொதுவில் நடக்க வேண்டும். நீங்கள் போய்ப் பார்க்கலாம். பல பள்ளிகள் இணையத்தில் காட்டுகின்றன. ஏற்கெனவே படிப்பவர்களுக்கு மறுபடி குலுக்கல் இல்லை. அந்த டிஸ்ட்ரிக்டில் வசிப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டு. உடன்பிறந்தோர், ஊழியர்களின் பிள்ளைகள் போன்ற மற்ற முன்னுரிமைகள், பள்ளி நடத்த அனுமதி வாங்கிய ஆவணத்தில் எழுதியிருந்தால் மட்டுமே. அந்த ஆவணம் எல்லோரும் பார்க்கக்கூடியது. ஐந்நூறு பக்கம் இருந்தாலும் சேர்க்கைப் பகுதி சில பக்கங்கள்தான், படித்துவிடுங்கள். இரட்டைக் குழந்தைகள் இருந்தால் ஒருவருக்கு விழுந்தால் மற்றவருக்கும் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். அது பள்ளிக்குப் பள்ளி மாறும்.

டிஸ்ட்ரிக்ட் முன்னுரிமைக்காகத் தெரிந்தவர் வீட்டு முகவரியைப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இடம் வந்ததும் வசிப்பிடச் சான்று கேட்பார்கள். அங்கே மாட்டிக்கொண்டால் இடம் போய்விடும்.

வெயிட்லிஸ்ட்டில் எண் வந்தால் மனம் விட வேண்டாம். பல பள்ளிகளுக்கு விண்ணப்பித்தவர்கள் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விடும்போது பட்டியல் நகரும். ஏப்ரலில் ஒரு முறை நகரும், பிறகு பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களில் வராத பிள்ளைகளின் இடங்களுக்காக மறுபடி நகரும். அப்போது வரும் மெயிலுக்குப் பதில் சொல்லக் கொடுக்கும் அவகாசம் மிகக் குறைவு. அந்த மெயில் ஸ்பாமில் போய் உட்கார்ந்துகொள்வது ஊரறிந்த கதை. பள்ளியின் முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இந்தியாவில் இருக்கும் நாட்களில் அமெரிக்க எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தி கிடைக்காமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் இந்த ஆண்டு வெயிட்லிஸ்ட் அடுத்த ஆண்டுக்குச் செல்லாது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

இதற்கிடையே உங்கள் தெருவுக்குரிய டிஸ்ட்ரிக்ட் பள்ளியிலும் பதிந்து வையுங்கள். 6 வயதானால் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும், குலுக்கலுக்காக வீட்டில் வைத்துக் காத்திருக்க முடியாது. சார்ட்டர் இடம் உறுதியானதும் டிஸ்ட்ரிக்டுக்கு எழுதி விலகிவிடுங்கள். இரண்டு இடத்திலும் பெயர் ஓடினால் மாநிலத்தின் மாணவர் தரவுத்தளம் காட்டிக்கொடுத்துவிடும். இரு பள்ளிகளுமே உங்களைத்தான் துரத்தும்.

5. இடம் வந்தாச்சு: காகிதங்கள்

வயதுக்குப் பாஸ்போர்ட் போதும். பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அதுவும் சரி. நோட்டரி, அப்போஸ்டில் என்று ஊரில் யாரையும் அலைய விடாதீர்கள்.

வசிப்பிடத்துக்கு வாடகை ஒப்பந்தம், பி.ஜி. அண்டு இ. கரண்ட் பில், சம்பளச் சீட்டு, அரசுக் கடிதம் என்று ஏற்கப்படுபவை பல. புதிதாக வந்தவர்களுக்குச் சிக்கல் எங்கே என்றால், லீஸ் கணவர் பெயரில், பில் எதிலும் மனைவி பெயர் இல்லை, பள்ளியில் கையெழுத்துப் போடப் போவது மனைவி. லீஸ் போடும்போதே இருவர் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். நண்பர் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால் பெற்றோர் கையெழுத்திட்ட வசிப்பிட உறுதிமொழியும் ஏற்கப்படும். வீட்டுக்காரரின் சான்றையும் சேர்த்துக் கேட்பார்கள்.

பழைய பள்ளி மதிப்பெண்களை இப்போது கொடுக்கலாம். இந்தியப் பள்ளியின் டி.சி. இல்லாவிட்டால் சேர்க்க மாட்டார்களோ என்ற பயம் வேண்டாம். இங்கே அதற்கு இடமில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பு அல்லது அதற்கு மேல் படித்திருந்தால் பாடவாரி மதிப்பெண் பட்டியலை முத்திரையோடு வாங்கி வாருங்கள். உயர்நிலைப் பள்ளியை முடிக்கப் பாடவாரியாகச் சேர்க்க வேண்டிய கிரெடிட் கணக்குக்கு அது வேண்டும்.

6. ஊசிக் கணக்கு: இங்கேதான் எல்லோரும் நிற்கிறார்கள்

2016-இலிருந்து கலிபோர்னியாவில் சொந்த நம்பிக்கையின் பேரில் தடுப்பூசி விலக்கு கிடையாது. சார்ட்டருக்கும் இதே விதிதான். கிண்டர்கார்டனில் சேரும் பிள்ளைக்கு வேண்டியவை: டி.டி.பி. வகை (தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான் மூன்றுக்குமானது) 5, போலியோ 4, ஹெபடைட்டிஸ் பி 3, எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமானது) 2, சின்னம்மை 2. டி.டி.பி.யில் ஒன்று நான்காம் பிறந்தநாளிலோ அதற்குப் பிறகோ போட்டிருந்தால் 4 போதும். போலியோவிலும் அப்படியே 3 போதும். ஏழாம் வகுப்புக்குப் போகும்போது டி.டி.பி. நோய்களுக்கே மறுபடி போடும் டி.டேப் ஊசி ஒன்று கூடுதல்.

எண்ணிக்கையைப் பார்த்து "எல்லாம் போட்டாச்சே" என்று நிம்மதியாகிவிடாதீர்கள். பள்ளி அலுவலகத்தில் அந்த அம்மா என் மகனின் ஊசிப் புத்தகத்தை வாங்கி, ஒவ்வொரு வரியாகப் பேனாவை நகர்த்திக்கொண்டே போனார். தட்டம்மை வரியில் பேனா நின்றது. பிறந்த தேதியையும் ஊசித் தேதியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்பதாம் மாதம் போட்ட ஊசி. அதன்மேல் லேசாக ஒரு கோடு இழுத்தார். முதல் பிறந்தநாளுக்கு முன்னால் போட்ட தட்டம்மை ஊசி இங்கே கணக்கில் இல்லை.

நம் ஊர்ப் பிள்ளைகள் மாட்டும் இடங்கள் இவை. ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி கணக்கில் சேராது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டிருந்தால் அது தட்டம்மை-ரூபெல்லா ஊசி; பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து அதில் இல்லை. சின்னம்மை ஊசி அரசு அட்டவணையிலேயே கிடையாது, தனியார் குழந்தை மருத்துவரிடம் போட்டிருந்தால்தான் உண்டு. 2016 ஏப்ரல் 1-க்குப் பிறகு கொடுத்த போலியோ சொட்டு மருந்து எண்ணப்படாது, எத்தனை முறை பூத்துக்கு அழைத்துப் போய் விரலில் மை வைத்திருந்தாலும் சரி. ஊசியாகப் போட்ட போலியோவைத்தான் மருத்துவர் பார்ப்பார்.

தேதி எழுதும் முறையிலும் வில்லங்கம் உண்டு. 04/07 என்று நம் ஊர் மருத்துவர் எழுதியது ஜூலை 4. இங்கே அதை ஏப்ரல் 7 என்று படிப்பார்கள். பிறந்தநாளுக்கு ஒட்டிய ஊசிகளில் இந்தக் குழப்பம் ஒரு டோஸையே தின்றுவிடும். கிளம்பும் முன் மாதத்தை எழுத்தில் எழுதி, மருத்துவர் முத்திரையோடு ஒரு தாளில் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, நாள் கணக்கு. எம்.எம்.ஆர்., சின்னம்மை இரண்டும் உயிருள்ள கிருமியைக் கொண்ட ஊசிகள். ஒரே நாளில் போடலாம். இல்லையென்றால் நடுவே 28 நாள் இடைவெளி வேண்டும். சின்னம்மையின் இரண்டு டோஸுக்கும் நடுவே சின்னப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ மூன்று மாதம். ஆகவே ஜூலை கடைசியில் தொடங்கினால் பள்ளி திறப்பதற்குள் முடியாது. ஆனால் அதனால் இடம் போய்விடாது: போட வேண்டியதைப் போட்டுவிட்டு, அடுத்த டோஸுக்கு இன்னும் நாள் வரவில்லை என்றால் நிபந்தனையோடு சேர்த்துக்கொள்வார்கள். நாள் வந்தும் போடாமல் விட்டால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

சான்டா கிளாரா கவுன்ட்டியில் இன்னொன்று கூடுதல்: மருத்துவர் கையெழுத்திட்ட காசநோய் அபாய மதிப்பீட்டுப் படிவம். இந்தியாவிலிருந்து வந்த பிள்ளை என்றால் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். நம் பிள்ளைகளுக்குப் பிறந்ததுமே பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போடுவதால், தோலில் குத்திப் பார்க்கும் சோதனை வீங்கிப் பாசிட்டிவ் காட்டலாம். பிறகு எக்ஸ்ரே என்று இழுக்கும். ரத்தப் பரிசோதனைக்கு பி.சி.ஜி. தடையில்லை, அதையே கேளுங்கள். இந்தப் பரிசோதனையையும் உயிருள்ள ஊசிகளையும் ஒரே நாளில் முடியுங்கள். ஊசியை முதலில் போட்டுவிட்டால் பரிசோதனைக்கு நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். இந்த ஒரு வரிசையைச் சரியாகப் பிடித்தால் ஒரு மாதம் மிச்சம்.

கிண்டர்கார்டனுக்குப் பல் பரிசோதனைப் படிவமும் உண்டு. அந்தக் கல்வியாண்டின் மே 31 வரை அவகாசம், அவசரமில்லை.

7. வீட்டு மொழிப் படிவம்

குழந்தை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்கும் சிறிய படிவம். தமிழ் என்று எழுதினால், சேர்ந்த 30 நாட்களுக்குள் எல்பேக் என்ற ஆங்கிலத் தேர்வு நடக்கும். அதனால் "இங்கிலீஷ்னு எழுதிடுங்க, தொல்லை இல்லை" என்று ஆலோசனை சொல்லப் பலர் வருவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, உள்ளதை எழுதினோம். பிள்ளைக்கு ஆங்கிலம் நன்றாக வந்தால் அந்தத் தேர்வோடு முடிந்துவிடும். வரவில்லை என்றால் தனி உதவி கிடைக்கும், அது தேவையானதுதானே. ஆங்கிலம் கற்பவர் என்று வகைப்படுத்தினால், அந்த நிலையிலிருந்து விடுவிக்கும்வரை வருடம் ஒருமுறை தேர்வு இருக்கும். இதை மட்டும் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

8. செலவு

படிப்புக்கு ஒரு டாலரும் இல்லை. பாடத்தோடு சேர்ந்த புத்தகத்துக்கும் பொருட்களுக்கும் கட்டாயக் கட்டணம் வாங்க முடியாது. காலை, மதிய உணவு 2022-23-இலிருந்து எல்லாப் பொதுப் பள்ளிகளிலும் இலவசம், சார்ட்டரிலும்தான். சைவப் பிள்ளைகளுக்கு அதில் என்ன தேறும் என்பது வேறு கதை. "நன்கொடை" கேட்டுக் கடிதம் வரும்; கொடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

ஊசிக்கு அலுவலகக் காப்பீடு இருந்தால் பெரும்பாலும் கையிலிருந்து போகாது; பிள்ளையின் பெயர் அதில் ஏறிவிட்டதா என்று பாருங்கள். காப்பீடு இல்லாத பிள்ளைகளுக்கு அரசுத் திட்டத்தில் 18 வயதுவரை தடுப்பு மருந்து இலவசம். ஊசி போடுவதற்கான சிறு கட்டணம் கேட்கலாம்.

உண்மையான செலவு போக்குவரத்து. பல சார்ட்டர்களில் பேருந்து இல்லை. காலையில் ஒரு முறை, மூன்று மணிக்கு ஒரு முறை கார் வரிசையில் நிற்க வேண்டும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்புக்கு மாதம் எவ்வளவு என்பதை இடத்தை ஏற்கும் முன்பே கேளுங்கள். நல்ல பள்ளி என்று எடுத்துவிட்டு அக்டோபரில் திருப்பிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் இதனால்தான்.

9. முதல் நாள், ஊர்ப் பயணம்

பள்ளி ஆகஸ்ட் நடுவில் திறந்துவிடும். ஊரில் ஆடிப் பெருக்கு முடித்து, கல்யாணம் ஒன்றைப் பார்த்துவிட்டு ஆகஸ்ட் கடைசியில் திரும்பலாம் என்று டிக்கெட் போட்டிருந்தால் மாற்றுங்கள். முதல் நாட்களில் வராத பிள்ளையின் இடத்தை என்ன செய்வார்கள் என்பது அந்தப் பள்ளியின் அனுமதி ஆவணத்தில் இருக்கும். தாமதம் தவிர்க்க முடியாதது என்றால் முன்கூட்டி மெயிலில் எழுதி, மெயிலிலேயே சம்மதம் வாங்குங்கள். தொலைபேசியில் "பரவாயில்லை" என்று சொன்னவர் ஆகஸ்டில் வேறு வேலைக்குப் போயிருப்பார். நடு ஆண்டில் ஊருக்குப் போவதென்றால் பள்ளிக்கு வராத நாட்களில் பாடத்தைத் தானே படித்து முடிக்கும் தனிப்படிப்பு ஒப்பந்தம் தருவார்களா என்று கிளம்பும் முன் கேளுங்கள்.

10. மாறுவது, திரும்புவது

சார்ட்டரிலிருந்து உங்கள் டிஸ்ட்ரிக்டுக்கே திரும்பினால் சேர்க்க மறுக்க முடியாது. ஆனால் அதே தெருப் பள்ளி கிடைக்கும் என்று உறுதியில்லை. அது நிரம்பியிருந்தால் டிஸ்ட்ரிக்டுக்குள் வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். அக்காவுக்குச் சார்ட்டர் ஒத்துவரவில்லை என்று நவம்பரில் வெளியேறும்போது தம்பி படிக்கும் பள்ளியிலேயே இடம் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். முதலில் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில் எந்தப் பள்ளி என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு விலகல் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

வேறு டிஸ்ட்ரிக்டின் சாதாரணப் பள்ளிக்குப் போக வேண்டும் என்றால்தான் அந்தப் பெர்மிட் வேலை. இரண்டு டிஸ்ட்ரிக்டும் சம்மதிக்க வேண்டும். நடப்பு ஆண்டுக்கான கோரிக்கைக்கு 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 30 நாட்களுக்குள் கவுன்ட்டி கல்வி வாரியத்தில் மேல்முறையீடு செய்யலாம்; அந்த நாள் தவறினால் கதவு மூடிவிடும். பெற்றோரில் ஒருவர் அந்த டிஸ்ட்ரிக்ட் எல்லைக்குள் பள்ளி வாரத்தில் குறைந்தது 10 மணி நேரம் நேரில் வேலை செய்தால் அதன் பேரிலும் கேட்கலாம். வீட்டிலிருந்தே வேலை என்றால் இது உதவாது.

கோப்பு விஷயம்: புதிய பள்ளி கேட்ட 10 பள்ளி நாட்களுக்குள் பழைய பள்ளி முழுக் கோப்பையும் அனுப்ப வேண்டும். அதுவரை காத்திருக்காமல், நீங்களே எழுத்தில் கேட்டால் 5 வேலை நாட்களுக்குள் பிள்ளையின் கோப்பைப் பார்க்க விட வேண்டும். நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐ.இ.பி. உள்ள பிள்ளைக்கு, நடுவில் மாறினாலும் புதிய பள்ளி முதல் நாளிலிருந்தே ஏறத்தாழ அதே உதவிகளைக் கொடுத்து, 30 நாட்களுக்குள் அடுத்த திட்டத்தை முடிவு செய்ய வேண்டும்.

உயர்நிலைப் பள்ளி என்றால் இரண்டு கேள்விகள். இங்கே படித்த பாடங்கள் மற்ற பொதுப் பள்ளிகளில் ஏற்கப்படுமா? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேரத் தேவையான பாடங்களின் ஏ-ஜி பட்டியலில் அவை உள்ளனவா? இதைப் பள்ளி உங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். பிள்ளை பள்ளி அணியில் விளையாடுபவர் என்றால், வீடு மாறாமல் பள்ளி மட்டும் மாறும்போது மாநில விளையாட்டுச் சம்மேளனமான சி.ஐ.எஃப். கட்டுப்பாடு போடும், சில வாரங்களோ ஓர் ஆண்டோ வெளியே உட்கார நேரிடலாம். பயிற்சியாளரின் வாய்வார்த்தையை நம்பாமல் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

11. "வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால்

சில பள்ளிகளில் இது நேரடியாக வராது. "உங்கள் பிள்ளைக்கு இந்தச் சூழல் பொருந்தவில்லையோ என்று நினைக்கிறோம்" என்று தொடங்கும், அதோடு ஒரு விலகல் படிவம். அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களாக விலகினால் அது உங்கள் முடிவு. பள்ளி நீக்கினால் அதற்கு வேறு விதி. பள்ளி நீக்குவதென்றால் குறைந்தது 5 பள்ளி நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு உங்கள் தாய்மொழியில் இருக்க வேண்டும், தமிழிலும் கேட்கலாம். விசாரணை கேட்கும் உரிமையை அதில் சொல்லியிருக்க வேண்டும். கேட்டுவிட்டால் இறுதி முடிவு வரும்வரை பிள்ளை அங்கேயே படிக்கும்.

புகார் எழுதுவதற்கு மாநிலக் கல்வித் துறையே ஒரு படிவம் வைத்திருக்கிறது. நீங்கள் சேர்க்கை பற்றி விசாரிக்கும்போதும், குலுக்கலுக்கு முன்பும், பிள்ளையை நீக்கும் முன்பும் அதற்கான அறிவிப்பைப் பள்ளி உங்களிடம் தர வேண்டும், இணையதளத்திலும் போட்டிருக்க வேண்டும். அதை நிரப்பி, வந்த மெயில்களின் நகலோடு, முதல் படியில் குறித்து வைக்கச் சொன்னேனே, அந்த அனுமதி கொடுத்த அமைப்புக்கு அனுப்புங்கள். பள்ளி முதல்வருக்கும் ஒரு நகல் போகட்டும்.